பின்ஹோல் கேமராவுக்குக் காசு வேண்டாம், பேப்பருக்குக் கொடுங்கள்

கேள்வி: ஆபீஸில் ஆறு பேர் சேர்ந்து பின்ஹோல் போட்டோ எடுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். ஏப்ரல் கடைசி ஞாயிறு உலக பின்ஹோல் தினம், அதற்குள் தயாராக ஆசை. ஆன்லைனில் மரத்தில் செய்த கேமரா விற்கிறார்கள். ஆளுக்கு ஒன்று வாங்கலாமா?

பதில்: வேண்டாம். லென்ஸே இல்லாமல் ஊசித்துளை வழியே ஒளி விழும் பெட்டிதானே அது! மூடி இறுக்கமான தகர டின் எல்லார் வீட்டிலும் இருக்கும், உள்ளே பளபளப்பில்லாத கறுப்பு பெயின்ட் அடித்தால் போதும். டின்னில் ஒளி நுழையும் துளைக்கு, குளிர்பானக் கேனில் வெட்டிய தகட்டில் ஊசி முனையால் மெல்லக் குத்தி, பிசிறை நைஸ் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். துளைக்கும் உள்ளே வைக்கும் போட்டோ பேப்பருக்கும் (வெளிச்சம் பட்டால் படம் பதியும் தாள்) இடையே 10 செ.மீ. இருந்தால் துளை 0.45 மி.மீ. அளவில் இருப்பது நல்லது. அதை எப்படி அளப்பது என்கிறீர்களா, ஆபீஸ் ஸ்கேனர் இருக்கிறதே, 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் குறுக்கே சுமார் 21 பிக்சல் வரவேண்டும்.

காசு போகவேண்டிய இடம் இந்தப் பேப்பர், பதிந்த படத்தை வெளிக்கொணரும் டெவலப்பர், அதை நிலைநிறுத்தும் ஃபிக்ஸர், இருட்டறைக்கு ஒரு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். ஆறு பேருக்கும் பொதுவாக வாங்குங்கள். பேப்பரில் ஆர்.சி. (பிளாஸ்டிக் பூச்சுள்ள) வகையைக் கேளுங்கள், அந்தப் பூச்சில்லாத ஃபைபர் வகை அருமையானதுதான், ஆனால் அலசவே வெகுநேரம் ஆகும், காயும்போது சுருளும். 5க்கு 7 அங்குலத்தில் 25 தாள் பாக்கெட்டை சிவப்பு வெளிச்சத்தில் பாதியாக வெட்டினால் 50 படம். பேப்பரில் ஒளி ரொம்ப மெதுவாகத்தான் பதியும், நல்ல வெயிலிலேயே அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை துளையைத் திறந்து வைக்க வேண்டும். முதல் சில தாள்கள் வீணாகும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் ஏமாந்த இடம் ஒன்று உண்டு. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒருவரிடம் பழைய பாக்கெட் வாங்கினேன், எத்தனை தாள் இருக்கிறது என்று அவர் வெளிச்சத்தில் பிரித்து எண்ணியிருக்கிறார், ஒரு தாள் விடாமல் எல்லாம் கறுப்பாகத்தான் வந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமையே போயிற்று. அதனால் சீல் உடையாததா, காலாவதி எப்போது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பார்சல் வந்ததும் வெளி அட்டையைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள், உள்ளே உள்ள கறுப்பு உறையை மட்டும் தொடாதீர்கள். சீல் உடைந்திருந்தால் உடனே திருப்பிவிடுங்கள், விற்றவர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் சொல்லலாம்.

அப்புறம், படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் என்லார்ஜரும் சேர்த்து வாங்குங்கள் என்பார்கள். தேவையில்லை. பேப்பரில் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறிப் பதிந்த படம்தான் நெகட்டிவ், அது காய்ந்ததும் போனில் படம் பிடித்து நிறத்தைத் தலைகீழாக்கினால் படம் வந்துவிடும்.