வைசென்சே குழந்தைக் கல்லறைகள்: எதைக் கொண்டு சுத்தம் செய்வது?

பெர்லின் வைசென்சே யூத இடுகாட்டில் குழந்தைகளின் கல்லறைகளைச் சீராக்க, யூதரல்லாத நான் போகலாமா, கம்பி பிரஷும் பிளீச்சிங் பவுடரும் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள். அந்தக் குடும்பங்களை நாஜிகள் கொன்றார்கள், விரட்டினார்கள்; பார்க்க ஆளில்லாமல் போனது அப்படித்தான். ஆனால் அந்த இரண்டும் வேண்டவே வேண்டாம். 1880இல் திறந்த இடுகாடு, பழைய கல். கம்பி பட்டால் குழந்தையின் பெயரே அழிந்துவிடும். தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். ஐவிக் கொடியைப் பச்சையாக இழுத்தால் கல்லின் மேல்பரப்பும் பெயர்ந்து வரும். அடியில் வெட்டிவிட்டு, காய்ந்தபின் மெதுவாக எடுங்கள். மண்ணைத் தோண்டக் கூடாது. மேலே இருக்கும் கூழாங்கற்கள் யாரோ அஞ்சலியாக வைத்தவை, தள்ளிவிடாதீர்கள். ஆண்கள் தலையை மூட வேண்டும். சனிக்கிழமை மூடியிருக்கும். அப்புறம், முதலில் நிர்வாகத்திடம் அனுமதி வாங்கிவிடுங்கள்.