ஸ்வீனி டாட் கச்சேரிப் பதிவு: ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிட்டீர்களே!

ஸ்டீபன் சோண்ட்ஹைம் இசையமைத்த 'ஸ்வீனி டாட்' என்ற இசை நாடகத்தின் பதிவை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "இது ஒத்திகையா, நான் ஏமாந்துவிட்டேனா?" என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் பார்த்தது ஒத்திகை இல்லை, ஏமாறவும் இல்லை. 2014-இல் நியூயார்க்கின் லிங்கன் சென்டர் கலை அரங்கில் நடந்த நிகழ்ச்சி அது. நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு மேடையிலேயே உட்கார்ந்து வாசிக்கும். பாடகர் பிரின் டெர்ஃபெல், நடிகை எம்மா தாம்ப்சன் எல்லாரும் கச்சேரி உடையில் கையில் இசைப் புத்தகத்தோடு வந்து வரிசையாக நிற்பார்கள். "கடைசி வரை இப்படியே படித்துப் பாடுவார்களா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதைத்தான் நீங்கள் நம்ப வேண்டும் என்று இயக்குநர் லோனி பிரைஸ் எதிர்பார்த்தார்! இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் புத்தகங்கள் தரைக்குப் பறந்திருக்கும். இசைப் புத்தகம் வைக்கும் ஸ்டாண்டுகள் சாயும், பியானோவே கவிழும். அப்புறம் அந்தக் குப்பைக்கு நடுவேதான் முழு நாடகமும். பெரிய செட் கிடையாது. கவிழ்ந்த பியானோதான் அவர்களுக்கு மேடை.

செட்டோடுதான் வேண்டும் என்றால் ஏஞ்சலா லான்ஸ்பரி, ஜார்ஜ் ஹெர்ன் நடித்த 1982 பதிவைத் தேடுங்கள். 1979-இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்கில் வந்த தயாரிப்பின் வடிவம் அதில் பெரும்பாலும் அப்படியே இருக்கும். படம் கொஞ்சம் பழசாகத் தெரியும், பரவாயில்லை. 2007 சினிமாவில் பாடல்களை நிறையக் குறைத்துவிட்டார்கள், அதை முதலில் பார்க்க வேண்டாம்.

ஆனால் சோண்ட்ஹைமின் இசைக்காக என்றால் நான் 2014-ஐத்தான் சொல்வேன். வாத்தியங்கள் மேடைக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் ஒளிந்திருக்காமல் கண்ணெதிரே இருப்பது தனி சுகம். சப்டைட்டில் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்; நாலு பேர் ஒரே நேரத்தில் வேறு வேறு வரிகள் பாடும் இடங்கள் உண்டு.