பொலிட்டிக்கல் சயின்ஸா, இன்டர்நேஷனல் ஸ்டடீஸா?

கேள்வி: அக்கா, நான் இந்த வருஷம் பிளஸ் டூ முடிச்சிருக்கேன். அப்பா பாம்பன்ல விசைப்படகுல கடலுக்குப் போறவர். எனக்கு வெளியுறவுத்துறைல வேலை பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. மதுரைல ஒரு காலேஜ்ல பி.ஏ. பொலிட்டிக்கல் சயின்ஸ் கிடைக்குது. வெளிமாநிலத்துல ஒரு பிரைவேட் யுனிவர்சிட்டில இன்டர்நேஷனல் ஸ்டடீஸ் இருக்கு, ஆனா ஃபீஸ் பல மடங்கு. பேர்லயே இன்டர்நேஷனல் இருக்கே, அதை எடுன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. பொலிட்டிக்கல் சயின்ஸ்னா கொடி பிடிக்கிற படிப்புன்னு சித்தப்பா சத்தம் போடுறார். எதுல சேரட்டும்?
- பெயர் வேண்டாம், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: மதுரைலயே சேரும்மா. ஐ.எஃப்.எஸ்., அதாவது இந்திய வெளியுறவுப் பணிக்குப் போக இந்த டிகிரிதான் வேணும்னு யாரும் கேக்கறதில்ல, யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் எக்ஸாம் எழுத ஏதாவது ஒரு டிகிரி போதும். அதுல நாமளே தேர்ந்தெடுக்கற ஆப்ஷனல் பேப்பர்ல கூட ரெண்டும் ஒரே சப்ஜெக்ட்தான், 250 மார்க் வீதம் ரெண்டு பேப்பர், முதல் பேப்பர் அரசியல் கோட்பாடும் இந்திய அரசியலும், ரெண்டாவதுலதான் உலக அரசியலும் நம்ம வெளியுறவுக் கொள்கையும் வருது.

உங்க ஊர் விஷயத்தையே எடுத்துக்கோ. 1974ல இந்திரா காந்தியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் போட்ட ஒப்பந்தத்துல கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போச்சு. இந்திய நிலத்தை இன்னொரு நாட்டுக்குக் கொடுக்கணும்னா அரசியல் சட்டத்தைத் திருத்தணும்னு 1960லயே, மேற்கு வங்கத்துப் பெருபாரில ஒரு பகுதியை பாகிஸ்தானுக்குக் கொடுக்கற விவகாரத்துல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, அப்புறம் ஏன் இதுக்குத் திருத்தம் கொண்டு வரலன்னு கேட்டுத்தான் 2008ல ஜெயலலிதா கோர்ட்டுக்குப் போனாங்க, மத்திய அரசோ நாங்க எதையும் கொடுக்கல, தகராறுல இருந்த இடத்துல எல்லைக்கோடு போட்டோம் அவ்ளோதான்னு சொல்லுது. மாநிலத்துக்கு இதுல என்ன உரிமை, பார்லிமென்ட்ல ஏன் ஓட்டெடுப்பு நடக்கல, இதெல்லாம் பொலிட்டிக்கல் சயின்ஸ் கேக்கற கேள்வி. கடல் எல்லையை எப்படிப் பிரிக்கறது, 1982 ஐ.நா. கடல் சட்டம் என்ன சொல்லுது, 2009ல போர் முடிஞ்ச பிறகு மறுபடி கடலுக்கு வந்த யாழ்ப்பாணத்து மீனவங்க கடலடியையே வாரிட்டு வர்ற நம்ம இழுவை மடி வலையைப் பத்தி ஏன் இவ்ளோ வேதனைப்படறாங்க, இது இன்டர்நேஷனல் ஸ்டடீஸ் பக்கம். முதல் பாதி புரியாம ரெண்டாவதுக்குப் போனா டெல்லி ஏன் ஒரு நாள் ஒண்ணு பேசுது, மறுநாள் வேற பேசுதுன்னு உனக்கு விளங்கவே விளங்காது. அதனாலதான் அஸ்திவாரம் மூணு வருஷம் இங்கன்னு சொல்றேன்.

உலக விவகாரத்தை எம்.ஏ.ல எடுத்துக்கலாம். பாண்டிச்சேரி யுனிவர்சிட்டி இருக்கு, சென்னைல ஸ்டெல்லா மாரிஸ் இருக்கு, டெல்லி ஜே.என்.யு.வுல இதுக்குன்னே ஸ்கூல்னு சொல்ற ஒரு தனிப் பிரிவு இருக்கு, 1955ல தனி நிறுவனமா தொடங்கி 1970ல ஜே.என்.யு.வோட சேர்ந்தது. பி.ஏ. பொலிட்டிக்கல் சயின்ஸ் முடிச்சுட்டு அங்க போறவங்க நிறைய பேர்.

இன்னொண்ணு, நம்ம ஊர்ல கவர்மென்ட் டீச்சர் வேலை, காலேஜ் லெக்சரர் வேலைன்னு வரும்போது டிகிரி பேர் முக்கியம். பேர் மாறியிருந்தா இது அதுக்குச் சமம்னு அரசாணை இருக்கான்னு தேடி அலையணும். பிளஸ் ஒன், பிளஸ் டூல அரசியல் அறிவியல் பாடமே இருக்கறதால பொலிட்டிக்கல் சயின்ஸ் டிகிரிக்கு அந்த வழியும் திறந்திருக்கு. யு.பி.எஸ்.சி. எல்லாருக்கும் கிடைச்சிடாது, கடன் வாங்கிப் படிக்கிற வீட்டுல மாற்று வழி இல்லாம இறங்கக்கூடாதுன்னு நான் ரொம்ப அழுத்திச் சொல்வேன்.

அந்த பிரைவேட் யுனிவர்சிட்டி ஃபுல் ஸ்காலர்ஷிப் கொடுத்தா மட்டும் யோசி. அப்பவும் பேரைப் பாக்காதே, ஆறு செமஸ்டர் சிலபஸையும் கேட்டு வாங்கிப் பாரு, இந்திய அரசியல் சட்டம், பொருளாதாரம், ஒரு வெளிநாட்டு மொழி, இந்த மூணும் இல்லேன்னா வேண்டாம்.

மொழின்னதும் ஒரு ஆசை சொல்றேன். சிங்களம் கத்துக்கோம்மா, இப்பவே எழுத்துல இருந்து ஆரம்பி. பிடிபட்ட படகுகளுக்காக ரெண்டு நாட்டு ஆளுங்களும் உக்காந்து பேசற மேஜைல, அவங்க பேசறது மொழிபெயர்ப்பு இல்லாம புரியற ஒரு பாம்பன் பொண்ணு இருக்கணும். சித்தப்பாகிட்ட இதைப் படிச்சுக் காட்டு, அட்மிஷன் போட அவரையே துணைக்குக் கூட்டிட்டுப் போ.