மின்சார எஸ்யூவியின் பின்கண்ணாடி நொறுங்கினால் யாரிடம், எப்படி மாற்றுவது?

வாசகியின் கேள்வி: கோலாலம்பூரின் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறேன். என்னுடையது இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மின்சார எஸ்யூவி. சாலையோரம் புல் வெட்டிக்கொண்டிருந்தவர்களின் இயந்திரத்திலிருந்து தெறித்த கல் பட்டு, பின்கண்ணாடி முழுவதும் நொறுங்கிவிட்டது. சேவை மையத்தில் கண்ணாடி வந்துசேர மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள். ஒரு கண்ணாடிக் கடைக்காரர் பாதி விலையில், ஒரு மணி நேரத்தில் மாற்றித் தருவதாகச் சொல்கிறார். இன்னொருவரோ, மின்சாரக் காரை வெளியாட்கள் தொட்டால் மின்சாரம் தாக்கும், கேமராக்களையெல்லாம் மறுபடி சரிசெய்ய வேண்டும், பேட்டரி உத்தரவாதம் போய்விடும் என்று பயமுறுத்துகிறார். காப்புறுதியில் கோரினால் என்சிடி (இழப்பீடு கோராதவர்களுக்குக் கட்டணத்தில் தரும் சலுகை) குறையுமா? வண்டியை யாரிடம் கொடுப்பது?

பதில்: வணக்கம் சகோதரி. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கார்க் கண்ணாடி பொருத்தும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் தாக்கும் என்ற பயத்தை விட்டுவிடுங்கள். பின்கண்ணாடி வேலையைக் கெடுப்பவை அவசரமும் தண்ணீரும்தான். வேலை தெரிந்த கண்ணாடிக் கடை உங்கள் வண்டியைத் தாராளமாகத் தொடலாம். ஆனால் ஒரு மணி நேரத்தில் முடித்துச் சாவியைக் கையில் கொடுப்பதாகச் சொல்பவரிடம் சில கேள்விகளைக் கேட்காமல் வண்டியை விடாதீர்கள்.

கண்ணாடி வரும்வரை வண்டியைக் காப்பாற்றுவது உடனடி வேலை. கோலாலம்பூரின் மாலை மழைக்குப் பின்பக்கம் திறந்திருக்கும் வண்டி ஒரு நாள்கூடத் தாங்காது. பின்கதவின் விளிம்பை ஈரமில்லாமல் துடைத்து, முதலில் பெயின்ட்காரர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப்பை ஒட்டுங்கள். அதன் மேல் தடித்த பிளாஸ்டிக் தாளை விரித்து, வலுவான டேப்பால் மூடுங்கள். வலுவான டேப்பை நேரடியாக வண்டியின் பெயின்ட் மீது ஒட்டினால், இரண்டு நாள் வெயிலுக்குப் பிறகு அதை உரிக்கும்போது பெயின்ட்டும் பாழாகும். பின்கதவைத் திறக்கும் பொத்தானை இப்போதைக்குத் தொட வேண்டாம். விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கும் துண்டுகள் பூட்டுக்குள் விழுந்து சிக்கிக்கொள்ளும். பின்பக்கம் திறந்த பெட்ரோல் காரை ஓட்டினால் அதன் சொந்தப் புகையே உள்ளே இழுக்கப்படும்; உங்கள் வண்டியில் அந்த ஆபத்து இல்லை. இருந்தாலும் எம்ஆர்ஆர்2 போன்ற சாலைகளில் லாரிகளின் புகையும் தூசியும் உள்ளே வரும். பட்டறைக்குப் போகும் அளவுக்கு மட்டும், மெதுவாக ஓட்டுங்கள்.

இனிக் கண்ணாடியைப் பற்றிச் சொல்கிறேன். முன்கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டப்பட்டது; கல் பட்டால் கீறல் விழுமே தவிர இடத்தை விட்டுப் போகாது. பின்கண்ணாடி பெரும்பாலான வண்டிகளில் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்கப்பட்ட ஒற்றைத் தகடு. அதன் மேற்பரப்பு இறுக்கத்திலும் உட்புறம் இழுவிசையிலும் இருப்பதால், ஓர் இடம் உடைந்தாலே முழுத் தகடும் சிறு சிறு கட்டிகளாக உதிர்ந்துவிடும். ஆகவே அதை ஒட்டுப்போட முடியாது. இதே காரணத்தால், கடினமாக்கிய பிறகு அந்தத் தகட்டை வெட்டவோ துளையிடவோ முடியாது. பின்துடைப்பானின் தண்டு சில வண்டிகளில் கண்ணாடியின் வழியாகவே வரும். டெஸ்லா மாடல் ஒய் போன்ற வண்டிகளில் பின்துடைப்பானே கிடையாது. ‘ஏறக்குறைய இதே அளவுதான், பொருத்திவிடலாம்’ என்ற பேச்சு இந்த வேலையில் செல்லாது. உங்கள் வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, அதற்குரிய உதிரிபாக எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

அசல் கண்ணாடிதான் வேண்டுமா என்றால், கட்டாயமில்லை. புயாவ், ஏஜிசி, செயின்ட் கோபைன் போன்ற நிறுவனங்கள் கார்த் தொழிற்சாலைகளுக்கும் வெளிச்சந்தைக்கும் கண்ணாடி செய்து தருகின்றன. கண்ணாடியின் மூலையில் இருக்கும் முத்திரையைப் படியுங்கள். வட்டத்துக்குள் ‘இ’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும், பக்கத்தில் 43ஆர் என்று தொடங்கும் எண்ணும் இருந்தால், அது ஐ.நா.வின் 43ஆம் விதிமுறைப்படி அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புக் கண்ணாடி. அதன் பிறகு நிறத்தைப் பாருங்கள். பல எஸ்யூவிகளில் பின்பக்கக் கண்ணாடிகள் தொழிற்சாலையிலேயே கருமையாக வருகின்றன. பாதி விலையில் கிடைப்பது சாதாரண இளம்பச்சைக் கண்ணாடியாக இருந்தால் பக்கக் கண்ணாடிகளோடு அது ஒருபோதும் பொருந்தாது.

மின்சாரம் பற்றிய பயத்துக்கு வருவோம். பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் உயர் அழுத்தக் கம்பிகள் ஆரஞ்சு நிற உறையில், வண்டியின் தரைப் பகுதியிலும் முன்பின் மோட்டார்களை ஒட்டியும் ஓடுகின்றன. பின்கதவுக்குள் அவை வருவதில்லை. கதவுக்குள் இருப்பவை விளக்கு, பூட்டு, துடைப்பான், கண்ணாடியைச் சூடாக்கும் கோடுகள் ஆகியவற்றுக்கான தாழ்ந்த அழுத்தக் கம்பிகள்தான். பெரும்பாலான வண்டிகளில் அது 12 வோல்ட். சார்ஜ் செய்யும் கேபிளைக் கழற்றி, வண்டியை முழுவதும் அணைத்து, தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் முறையில் 12 வோல்ட் இணைப்பைத் துண்டித்து வேலை செய்தால் போதும். பேட்டரி உத்தரவாதத்துக்கும் கண்ணாடிக்கும் தொழில்நுட்ப ரீதியில் எந்தத் தொடர்பும் இல்லை. மனம் ஒப்பவில்லை என்றால் உத்தரவாதக் கையேட்டின் நிபந்தனைகளை வாசித்து, சேவை மையத்திடம் எழுத்தில் பதில் கேளுங்கள். வாய்ப்பேச்சை நம்பிப் பணத்தைக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

கேமரா விஷயத்தில் உங்களைப் பயமுறுத்தியவர் சொல்வது பாதி உண்மை. சாலைக் கோடுகளைக் கவனிக்கும் கேமரா முன்கண்ணாடியின் உட்புறம் இருப்பதால், முன்கண்ணாடியை மாற்றினால் அளவீடு செய்தாக வேண்டும். பின்னோக்கும் கேமரா பெரும்பாலும் எண் பலகைக்கு மேலேயும், பக்கவாட்டு ராடார்கள் பின்பம்பருக்கு உள்ளேயும் இருக்கின்றன. பின்கண்ணாடியை மாற்றுவதால் அவை அசைவதில்லை. சில வண்டிகளில் மட்டும், ஓட்டுநர் பின்னால் பார்க்கும் டிஜிட்டல் உட்கண்ணாடிக்கான கேமரா பின்கண்ணாடியின் மேல் விளிம்பில் இருக்கும். உங்கள் வண்டியில் அது உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் அளவீட்டுக் கட்டணம் கேட்பவரிடம், எந்தக் கருவிக்காக என்று கேளுங்கள். பேட்டரி இணைப்பைத் துண்டித்ததால் பின்கதவின் உயரத்தையும் ஜன்னல்களின் ஒரு தொடு இயக்கத்தையும் மறுபடி பதிய வேண்டியிருக்கலாம்; அது சில நிமிட வேலை.

என் கவலையெல்லாம் அந்தச் சூடாக்கும் கோடுகளைப் பற்றியது. கண்ணாடியின் உட்புறம் தெரியும் மெல்லிய பழுப்பு வரிகள், வெள்ளி கலந்த பசையை அச்சிட்டுக் கண்ணாடியோடு சுட்டெடுத்தவை. பல வண்டிகளில் வானொலி ஆண்டெனாவும் அவற்றோடு சேர்ந்தே இருக்கும். இரு ஓரங்களிலும் நகத்தளவு உலோக இணைப்பு முனை ஒன்று கண்ணாடியில் பற்றவைக்கப்பட்டிருக்கும். கதவிலிருந்து வரும் கம்பி அதில்தான் செருகப்படுகிறது. அவசரப்படுபவர் கம்பியைக் குறட்டால் பிடித்துத் திருகிச் செருகும்போது, அந்த முனை வெள்ளியோடு பெயர்ந்து வந்துவிடும். பட்டறையை விட்டுக் கிளம்பும்போது அது யாருக்கும் தெரியாது. அடுத்த பெருமழையில் பின்பக்கம் பனி மூடிக்கொள்ளும்போதுதான் தெரியவரும். ஆகவே கண்ணாடி பொருத்தியதும், சூடாக்கியை இயக்கி மல்டிமீட்டரால் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வரியின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை வோல்ட் அளவு சீராக இறங்க வேண்டும். நடுவில் ஏறக்குறைய பாதி காட்ட வேண்டும். நடுவழியில் சட்டென்று பூஜ்யத்துக்கோ முழு அளவுக்கோ தாவினால், அங்கே வரி அறுந்திருக்கிறது. வானொலியையும் ஒருமுறை போட்டுக் கேளுங்கள்.

அடுத்தது பசை. கண்ணாடி கதவில் நிற்பது யூரிதேன் பசையால். பழைய பசையை முழுவதும் சுரண்டி எடுக்கக் கூடாது. ஓரிரு மில்லிமீட்டர் தடிமனுக்கு விட்டுவைத்துச் சமமாக வெட்டி, அதன் மேல் புதிய பசையை முக்கோண வடிவில் இடைவெளியின்றி இழுக்க வேண்டும். கத்தி பட்டுப் பெயின்ட் கீறிய இடங்களில் பிரைமர் பூசாமல் மூடிவிட்டால், அங்கே துரு பிடித்து ஓரிரு ஆண்டுகளில் பசையையே தூக்கிவிடும். பினாங்கின் உப்புக்காற்றில் ஓடும் வண்டிகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். யூரிதேனுக்குப் பதிலாக சிலிக்கானைப் பிதுக்கும் கடைகளும் இருக்கின்றன. மலிவான சிலிக்கானில் புளிக்காடியின் நெடி அடிக்கும். அந்த வாடை வந்தால் வேலையை அப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். அது உலோகத்தை அரிக்கும். சிலிக்கான் பட்ட பரப்பில் பிறகு யூரிதேன் சரியாக ஒட்டவும் ஒட்டாது.

யூரிதேன் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வெளியிலிருந்து உள்நோக்கி இறுகுகிறது. நாளொன்றுக்கு சுமார் 3 முதல் 4 மில்லிமீட்டர் ஆழம். நம் நாட்டின் ஈரக்காற்று அதற்கு உதவிதான்; ஆனால் ஒட்டும் பரப்பு நனைந்திருந்தால் வேலை கெட்டுவிடும். மழை பெய்யும்போது திறந்த இடத்தில் பொருத்த ஒப்புக்கொள்ளாதீர்கள். எத்தனை மணி நேரம் கழித்து ஓட்டலாம் என்பது பசைக் குழாயின் தரவுத்தாளில் இருக்கும். அதையும் காலாவதித் தேதியையும் உங்கள் கண்ணால் பாருங்கள். முதல் நாள் ஒரு ஜன்னலை விரலளவு இறக்கி வையுங்கள். எல்லாம் மூடியிருக்கும் வண்டியில் கதவை அறைந்து சாத்தினால், உள்ளே அழுந்தும் காற்று இன்னும் இறுகாத பசையைத் தள்ளிவிடும். இரண்டு நாட்களுக்கு உயர் அழுத்த நீரால் கழுவ வேண்டாம்.

உடைந்த துண்டுகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நொறுங்கிய கண்ணாடியில் ஒரு பங்கு பின்கதவின் உட்குழிக்குள்ளேயே இறங்கிவிடும். உள்பலகையைக் கழற்றி உறிஞ்சி எடுக்காவிட்டால், கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உண்டியலைக் குலுக்கியது போலச் சத்தம் கேட்கும். எஞ்சின் ஓசை இல்லாத வண்டியில் அது இன்னும் எடுப்பாகக் கேட்கும். சரக்கறையின் தரைப்பலகைக்குக் கீழும், பின்னிருக்கைப் பெல்ட்டுகளின் பூட்டுக்குள்ளும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

காப்புறுதிக்கு வருகிறேன். நம் நாட்டில் கண்ணாடிக் காப்பு என்பது கூடுதலாகப் பணம் கட்டி வாங்கும் சேர்க்கை. வழக்கமாகக் காப்புத் தொகையில் 15 விழுக்காடு கட்டணம், அதாவது 3,000 ரிங்கிட் காப்புக்கு 450 ரிங்கிட். அந்தச் சேர்க்கை இருந்தால், பின்கண்ணாடிக்குக் கோருவதால் உங்கள் என்சிடி குறையாது. அது இல்லாமல் பொதுக் காப்பில் கோரினால், படிப்படியாக 55 விழுக்காடு வரை ஏறும் அந்தச் சலுகையை இழப்பீர்கள். அப்போது கைக்காசு போட்டு மாற்றுவதே லாபமா என்று கணக்குப் பார்க்க வேண்டும். காப்புத் தொகை கண்ணாடியின் முழு விலைக்கும் போதுமா, பட்டறை காப்புறுதி நிறுவனத்தின் பட்டியலில் உள்ளதா என்று முதலில் கேளுங்கள். ஒருமுறை கோரிய பிறகு பொதுவாக அந்தச் சேர்க்கை முடிந்துவிடும். மறுபடி பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். கல் தெறித்த இடம், நேரம், படங்கள், பின்பக்க டேஷ்கேம் பதிவு எல்லாவற்றையும் இன்றே பத்திரப்படுத்துங்கள். புல் வெட்டிய குத்தகையாளரிடம் இழப்பீடு கேட்க அவை தேவைப்படும்.

புதிய கண்ணாடியில் கருப்பு ஏடு (டின்ட்) ஒட்டுவதாக இருந்தால், 2019 மே மாதத்திலிருந்து பின்கண்ணாடிக்கு ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்து இலாகா, ஒளி அளவு வரம்பு வைக்கவில்லை. ஆனால் உலோகம் கலந்த ஏட்டைத் தவிருங்கள். கண்ணாடியில் உள்ள ஆண்டெனாவை அது மறைத்துவிடும். பழைய ஏட்டைச் சுரண்டி எடுக்கும்போதுதான் சூடாக்கும் வரிகள் அதிகம் அறுந்துபோகின்றன என்பதால், முதலிலேயே தரமானதை ஒட்டிவிடுங்கள்.

ஆகவே சேவை மையத்தின் மூன்று வாரம் உங்களுக்குத் தாங்காது என்றால், சரியான உதிரிபாக எண், 43ஆர் முத்திரை, யூரிதேன் பசை, ஓட்டக்கூடிய நேரம் ஆகிய நான்கையும் ரசீதில் எழுதித் தரும் கடையிடம் கொடுங்கள். எழுத மறுப்பவர் பாதி விலை சொன்னாலும் வேண்டாம். பசை இறுகிய பிறகு, ஒருவர் வெளியே ஹோஸ் குழாயில் மெல்லிய நீரைக் கண்ணாடியின் கீழ் விளிம்பிலிருந்து மேல்நோக்கி ஊற்ற, நீங்கள் உள்ளே டார்ச் விளக்கோடு உட்கார்ந்து ஓரங்களைப் பாருங்கள். சரக்கறைத் தரைக்குக் கீழே மின்னணுப் பெட்டிகள் இருக்கும் வண்டிகளில் ஒரு துளிக் கசிவுகூட ஆகாது. பிறகு நெடுஞ்சாலையில் வானொலியை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். சீழ்க்கை போல ஓசை வந்தால், மாஸ்கிங் டேப்பை விளிம்பின் ஒவ்வொரு பக்கமாக ஒட்டி ஓட்டுங்கள். எந்தப் பக்கத்தை மூடியதும் ஓசை நிற்கிறதோ அங்கேதான் பசையில் இடைவெளி. ரசீதோடு போய் அந்த இடத்தைக் காட்டி, இலவசமாகச் சரிசெய்யச் சொல்லுங்கள். மறுத்தால், 50,000 ரிங்கிட் வரையிலான வழக்குகளை வழக்கறிஞர் இன்றி விசாரிக்கும் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் அதே ரசீதைக் கொண்டு மனு செய்யலாம்.