மைன்கிராஃப்ட் கணினி விளையாட்டில் நான் கட்டும் வீடுகள் எல்லாம் தீப்பெட்டி மாதிரியே இருக்கின்றன. அழகாக்க என்ன வழி?

என் அக்கா மகனும் இதே புலம்பலோடுதான் வந்தான். சுவர் முழுக்க வைர பிளாக் (விளையாட்டில் எதையும் கட்டும் கனசதுரக் கட்டி), ஓரமெல்லாம் தங்கம். "இவ்வளவு செலவு பண்ணியும் நல்லாவே இல்ல மாமா" என்றான். தட்டைச் சுவரில் வைரம் பதித்தாலும் அது தீப்பெட்டிதான். அதற்குத் தேவை நிழல். சுவர் சில இடத்தில் உள்ளே போக வேண்டும், சில இடத்தில் வெளியே வர வேண்டும்.

நாங்கள் மலேசியாவில் பினாங்குக்காரர்கள். லிட்டில் இந்தியாவில் தேத்தண்ணி குடிக்கப் போனபோது எதிர்வரிசைக் கடைவீடுகளை, அதாவது கீழே கடையும் மேலே வீடுமாக உள்ள கட்டடங்களை, அவனுக்குக் காட்டினேன். 2008ல் எங்கள் ஜார்ஜ்டவுன் நகரம் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதற்கு இந்தக் கடைவீடுகளும் ஒரு காரணம். மாடி முன்னால் நிற்கும், கீழ்த்தளச் சுவரோ உள்ளே தள்ளியிருக்கும். நடுவில் ஆள் நடக்கும் ஐந்தடி நடைபாதை, மலாயில் காக்கி லீமா. மதிய வெயிலில் அந்த இடம் மட்டும் கருத்துத் தெரியும். அந்தக் கருப்புதான் கட்டடத்துக்கு முகம் கொடுக்கிறது.

விளையாட்டில் ஒரு பிளாக் ஒரு மீட்டர் என்பது கணக்கு. ஐந்தடி என்றால் ஒன்றரை மீட்டர்தான். ஆனால் ஒரு பிளாக் போதாது, கீழ்த்தளச் சுவரை இரண்டு பிளாக் உள்ளே தள்ளுங்கள். முகப்பு அகலம் ஏழு பிளாக், ஆழம் இருபதுக்கு மேல் போகட்டும். அகலம் ஒற்றைப்படையாக இருந்தால்தான் வாசல் நடுவில் உட்காரும். எட்டு வைத்துவிட்டுக் கதவை எங்கே போடுவது என்று விழித்த அனுபவம் எனக்கு உண்டு.

அப்புறம் ஜன்னல். கண்ணாடியைச் சுவரோடு சுவராக வைக்காதீர்கள், ஒரு பிளாக் உள்ளே வையுங்கள். இரு பக்கமும் சுவரில் டிராப்டோர் என்ற மெல்லிய தரைக்கதவை ஒட்டித் திறந்துவிட்டால் அது சுவரோடு படிந்து பழைய மர ஜன்னல் கதவாகிவிடும். எனக்குப் பிடித்தது விளையாட்டின் நரக உலகமான நெதரில் கிடைக்கும் வார்ப்ட் மரம். அந்த நீலப்பச்சை நம்ம ஊர் ஜன்னல் நிறத்துக்குக் கிட்ட வரும்.

கூரைக்குச் செங்கல் படிகள். சரிவு தெருப் பக்கம் இறங்க வேண்டும். சுவரைத் தாண்டி ஒரு பிளாக் நீட்டி, அடியில் தலைகீழாகப் படி வைத்தால் இறவாணத்திலும் நிழல் விழும். படிகள் சரிவைச் செங்குத்தாக்குவதாகத் தோன்றினால் பாதி உயர ஸ்லாப் போடுங்கள்.

பழமை காட்ட பிளாக்குகளைக் கலக்கச் சொல்வார்கள். சரி, ஆனால் கண்டபடி கலந்தால் சுவருக்கு அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும். மழைத் தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள். நம்ம ஊரில் சுவரின் அடி முதலில் கறுக்கும், அப்புறம் தண்ணீர் வழியும் மூலை. அதனால் மேலே வெள்ளை கால்சைட், கீழே வரவர வெளிர் சாம்பல் டையோரைட், சாம்பல் ஆண்டிசைட், தரையை ஒட்டிப் பாசி படிந்த கல். நடுச்சுவரைச் சும்மா விடுங்கள்.

உள்ளலங்காரத்துக்கு அவசரம் வேண்டாம். விளக்கை மட்டும் மறக்காதீர்கள். ஐந்தடி இரவில் கும்மிருட்டாகிவிடும், விளையாட்டின் 1.18 பதிப்புக்குப் பிறகு விளக்கு வெளிச்ச அளவு பூஜ்யமாக உள்ள இருட்டில் அரக்கர்கள் பிறப்பார்கள். ஐந்தடிக்கு மேலே மாடியின் அடியில் ஒரு லாந்தரைத் தொங்கவிட்டால் தீர்ந்தது. நான் தொங்கவிடவில்லை. மறுநாள் வாசலைத் திறந்தால், கிட்ட வந்து வெடிக்கும் அரக்கனான கிரீப்பர் நின்றுகொண்டிருந்தது. தூண் இரண்டும் போயின, முகப்பில் பாதியும் போயிற்று. அக்கா மகன் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தான்.