காளான் பவளம்: கிணற்றுத் தண்ணீரும் ஆனையிறவு உப்பும்
வாசகர் கேள்வி பதில்

கிளிநொச்சி வாசகர்: 100 லீற்றர் கடல்நீர்த் தொட்டியில் ஆறு காளான் பவளங்கள் (காளான் குடைபோல் விரியும் மென்பவளம்) இருக்கின்றன. முதல் இரண்டு மாதம் நன்றாக விரிந்து நின்றவை இப்போது சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருங்கிவிட்டன. வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தாயிற்று. பான் (மின்விசிறி) ஓடுவதால் நாளுக்கு இரண்டு லீற்றர் ஆவியாகிறது. அதற்குக் கிணற்றுத் தண்ணீரைத்தான் விடுகிறேன்.

பதில்: கடைசி வரியில் பதிலையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். வெளிச்சத்தை இனித் தொடாதீர்கள்.

ஆவியாய்ப் போவது வெறும் நீர். உப்பும் சுண்ணாம்பும் தொட்டியிலேயே தங்கிவிடும். உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளைப் படை கட்டுகிறதல்லவா, அதேதான் தொட்டிக்குள்ளும் போகிறது. கணக்குப் பாருங்கள்: நாளுக்கு 2 என்றால் மாதம் 60 லீற்றர். சுண்ணாம்பு நீரின் காரத்தன்மையை ஏற்றும், அதை அளக்கும் அலகு டி.கே.எச். கிணற்று நீரில் அது 15 என்று வைத்தால், ஒரே மாதத்தில் தொட்டியில் 9 டி.கே.எச். ஏறும். கற்பவளம் இருந்தால் கூடு கட்ட அதில் ஒரு பங்கை இழுத்துக்கொள்ளும். காளான் பவளத்துக்குச் சுண்ணாம்புக் கூடே கிடையாது. எடுக்க ஆளில்லாமல் ஏறிக்கொண்டே போகும். பம்பைக் கழற்றிப் பாருங்கள், சுழலியில் வெள்ளையாய்ப் படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இனி ஆர்.ஓ. தண்ணீர் (சவ்வில் வடித்து உப்பு நீக்கியது) மட்டும். குடிநீராக விற்கும் இடத்தில் வாங்கலாம், ஆனால் ருசிக்குக் கனிமம் கலந்ததா என்று கேளுங்கள். நீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மானியில் 20க்குக் கீழ் காட்டினால் நல்லது. 50ஐத் தாண்டினால் வேறு இடம் பாருங்கள். கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு, காலை ஒரு லீற்றர், மாலை ஒரு லீற்றர் விடுங்கள். இரண்டு நாள் மறந்து மொத்தமாய் ஊற்றினால் உப்பளவு ஏறி இறங்கும். அதற்கும் இவை சுருங்கும்.

ஏறிய காரத்தை அமிலம் விட்டு இறக்க வேண்டாம். வாரம் இருமுறை 10 லீற்றர் நீரை எடுத்துவிட்டு, தொட்டிக்கான கடல் உப்புக் கரைத்த ஆர்.ஓ. நீரை விடுங்கள். ஒரு மாதத்தில் பாதிக்கு மேல் இறங்கிவிடும். 8 முதல் 9 டி.கே.எச். வந்ததும் வாரம் ஒருமுறை போதும். உப்படர்த்தி 1.025 – 1.026. நைத்திரேற்றைப் பூச்சியமாக்கப் பாடுபடாதீர்கள். 5 – 15 பி.பி.எம். இருந்தால் இவை நன்றாக விரியும். பளிங்குபோல் சுத்தமான தொட்டியில் காளான் பவளம் பட்டினி கிடக்கும்.

பரந்தன் வாசகர்: மீன்தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்புப் பை விலை அதிகம். பக்கத்தில் ஆனையிறவு உப்பு இருக்கிறதே, அதைக் கரைத்தால் என்ன?

பதில்: ஆகாது. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படியும். அதன் பிறகுதான் உப்பு விளையும். கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு மக்னீசியம் போய்விடும். கையில் வருவது ஏறக்குறைய தனிச் சோடியம் குளோரைட்டு. கடல்நீரில் கிலோவுக்கு 1.3 கிராம் அளவில் மக்னீசியமும் 0.4 கிராம் கல்சியமும் இருக்க வேண்டும்.

ஆனாலும் அந்த உப்புக்கு ஒரு வேலை உண்டு. நன்கு காய்ந்த, சுத்தமான உப்பு 36.5 கிராமை 963.5 கிராம் ஆர்.ஓ. நீரில் கரையுங்கள். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீற்றரில் ஒரு துளி விட்டால் ஆயிரத்துக்கு 35 என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் திருகைத் திருப்பிச் சரிசெய்யுங்கள்.

முல்லைத்தீவு வாசகி: கடல்நீரையே அள்ளி வந்து பாவிக்கலாமா? கடற்கல்லும் எடுக்கலாமா?

பதில்: நீர் சரி, கோடையில் மட்டும். மாரியில் வட்டுவாகலிலும் நாயாற்றிலும் களப்பு கடலோடு உடைத்துக்கொள்ளும். வயல் நீரும் சேறும் கலந்து கரையோர நீரின் உப்பு இறங்கிவிடும். முகத்துவாரத்துக்கும் வள்ளத் துறைக்கும் தள்ளி அள்ளி, துணியில் வடித்து, மூடிய கலனில் இரண்டு வாரம் இருட்டில் வைத்து, அளந்த பிறகு விடுங்கள். பவளக்கல் பெயர்ப்பது சட்டவிரோதம், அந்தப் பேச்சே வேண்டாம்.

வவுனியா வாசகர்: காளான் பவளத்தை வெட்டிப் பெருக்கினேன். சுப்பர் குளூ போட்டு ஒட்டிய துண்டுகள் மறுநாளே மிதக்கின்றன.

பதில்: குளூ பிடித்தது பவளத்தை அல்ல, அது சுரக்கும் வழுவழுப்பை. வழுவழுப்பு உரிந்ததும் குளூ ஒரு தோலாய்க் கல்லில் நிற்கும், துண்டு போய்விடும்.

4 சென்ரிமீற்றருக்கு மேல் அகன்றதையே வெட்டுங்கள். கல்லோடு வெளியே எடுத்து, புதுச் சவர பிளேட்டால் வட்டுக்குச் சற்றுக் கீழே காம்பை அறுங்கள். கல்லில் மிஞ்சிய அடியும் மறுபடி முளைக்கும். வட்டை வாய்க்கு நடுவாக இரண்டாக்குங்கள். நான்காக்கலாம், ஆனால் சிறு துண்டுகள் அழுகுவது அதிகம். கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். பக்கத்தில் சோவாந்திட் என்ற பவள வகை இருந்தால் அதில் பிளேட் படவே கூடாது, அதன் நஞ்சு பொல்லாதது.

துண்டுகளை வாளியில் எடுத்த தொட்டி நீரில் அலசி, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். ஒரு தட்டைக் கிண்ணத்தில் விரலளவு சிப்பி உடைசல் போட்டு, அதன்மேல் துண்டுகளை வைத்து, கிண்ணத்தின் வாயில் நுளம்புவலையை இறுக்கிக் கட்டுங்கள். நீரோட்டமும் வெளிச்சமும் குறைந்த மூலையில் ஒன்று இரண்டு வாரம் இருக்கட்டும். துண்டு ஒரு சிப்பியைப் பற்றிக்கொள்ளும். இப்போது குளூவை எடுங்கள்: சிப்பியைக் கல்லில் ஒட்டலாம். இழை இழையாய்க் கரைந்து நாறும் துண்டை அன்றைக்கே எறியுங்கள்.

மாங்குளம் வாசகர்: பகலில் தொட்டி 31 பாகை. காளான் பவளத்தின் வாயிலிருந்து பழுப்பு நூல் வருகிறது.

பதில்: சூட்டுக்கு உள்ளிருக்கும் பாசியைத் துப்புகிறது. 24 – 27 பாகைதான் இதற்கு இதம். மூடியை எடுத்து வலை போடுங்கள். நீர்ப்பரப்பை உரசிப்போகும்படி பான் வைத்தால் 2 – 3 பாகை இறங்கும். விளக்கை நண்பகலில் எரிக்காமல் மாலை 5 முதல் இரவு 11 வரை எரியுங்கள். கரண்ட் போனால் சூடான நீரில் ஒட்சிசன் சீக்கிரம் தீரும், பற்றறிக் காற்றுப் பம்ப் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.