வீட்டு தியேட்டருக்கு ஹார்ன் ஸ்பீக்கர்: கேள்வி பதில்

கேள்வி: சார், டவர் ஸ்பீக்கரிலேயே சத்தம் நன்றாகத்தானே வருகிறது? ஹார்ன் (போகப் போக விரியும் குழாய் வைத்த ஸ்பீக்கர்) கட்டி மெனக்கெட என்ன அவசியம்?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். தியேட்டர் ரெஃபரன்ஸ் அளவில் (சினிமா அரங்குக்கு வகுத்த ஒலி அளவு) முன்பக்கச் சேனல் ஒவ்வொன்றும் நீங்கள் உட்காரும் இடத்தில் 105 டிபி உச்சம் தர வேண்டும். சோபா 3.5 மீட்டர் தள்ளி இருந்தால் வழியிலேயே சுமார் 11 டிபி போய்விடும். ஆக ஸ்பீக்கருக்கு ஒரு மீட்டர் முன்னால் 116 டிபி தேவை. 88 டிபி சென்சிடிவிட்டி (ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் தரும் ஒலி) உள்ள டவர் அதை எட்ட 630 வாட் கேட்கும். 105 டிபி ஹார்னுக்கு 13 வாட் போதும். அறைச் சுவர்கள் கொஞ்சம் கைகொடுக்கும் என்றாலும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அப்படியேதான் இருக்கும். நூற்றுக்கணக்கான வாட் ஏறும்போது வாய்ஸ் காயில் (ஸ்பீக்கர் கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) சூடாகி அதன் ரெசிஸ்டன்ஸ் கூடும். வெடிச் சத்தம் மொத்தையாகிவிடும். இன்னொரு லாபம், வசனம். ஹார்ன் ஒலியைப் பக்கச் சுவரிலும் சீலிங்கிலும் சிதறவிடாமல் சோபா பக்கம் அனுப்புகிறது.

கேள்வி: என் அறை 12க்கு 15 அடி. 40 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் ஃப்ரன்ட் லோடட் பாஸ் ஹார்ன் (டிரைவர் எனும் ஸ்பீக்கர் யூனிட்டின் முன்பக்க ஒலி மட்டும் குழாய்க்குள் போகும் வகை) கட்ட முடியுமா?

பதில்: மூலை காலியாக இருந்தால் முடியும். 40 ஹெர்ட்ஸின் அலைநீளம் 8.6 மீட்டர். திறந்த வெளியில் ஹார்ன் வாயின் சுற்றளவு அந்த அளவு இருக்க வேண்டும், அதாவது 5.9 சதுர மீட்டர் வாய். தரையில் வைத்தால் அதில் பாதி, தரையும் சுவரும் சேரும் இடத்தில் கால்வாசி. மூலையில் வைத்தால் எட்டில் ஒரு பங்கு போதும்: 0.74 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 8 சதுர அடி. பால் கிளிப்ஷ் 1940களில் கொண்டுவந்த கிளிப்ஷ்ஹார்ன் மூலையில் உட்கார்வது இதற்காகத்தான். அறைச் சுவர்களே ஹார்னின் கடைசிப் பகுதி. அந்த மூலையில் கதவோ பீரோவோ இருந்தால் கணக்கு கெட்டுவிடும்.

உங்கள் அறைக்கு நான் சொல்வது டேப்டு ஹார்ன். டிரைவரின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் ஒரே பாதைக்குள் திறக்கும். ஒன்று தொண்டைக்கு (பாதையின் குறுகிய தொடக்கத்துக்கு) பக்கத்தில், மற்றது வாய்க்குப் பக்கத்தில். பாதை நீளம் கால் அலை: 30 ஹெர்ட்ஸுக்கு 2.87 மீட்டர். மடித்துக் கட்டினால் 12 இன்ச் டிரைவருக்குப் பெட்டி ஏறக்குறைய 200 முதல் 250 லிட்டர். 100 ஹெர்ட்ஸுக்கு மேல் ரெஸ்பான்ஸ் மேடு பள்ளமாக இருக்கும். சப்பை (பாஸ் மட்டும் தரும் சப்வூஃபர்) 80 ஹெர்ட்ஸில் வெட்டிவிடுவதால் வீட்டு தியேட்டருக்கு அது பிரச்சினையில்லை.

கேள்வி: ப்ளானில் சொன்ன டிரைவர் இங்கே கிடைக்கவில்லை. வேறு 12 இன்ச் போடலாமா?

பதில்: ஹார்ன்ரெஸ்ப்பில் ஓட்டிப் பார்க்காமல் பலகையை அறுக்காதீர்கள். டேவிட் மெக்பீன் எழுதிய இலவச மென்பொருள் அது. டேப்டு ஹார்னையும் கணக்கிடும். ஃப்ரன்ட் லோடட் ஹார்னுக்குப் பலமான காந்தமும் குறைந்த க்யூடிஎஸ்ஸும் (Qts, கோனின் அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதைக் காட்டும் எண்), சுமார் 0.2 முதல் 0.35 வரை, பொருந்தும். கார் சப்களில் பல 0.5க்கு மேல், அவற்றை இதில் போட்டால் ஒரு சுருதியில் மட்டும் குமுறும். ஹார்ன் வேலை செய்யும் மேல் எல்லைக்கு எஃப்எஸ்ஸை (Fs, டிரைவர் தானாக அதிரும் அதிர்வெண்) இரண்டால் பெருக்கி க்யூஇஎஸ்ஸால் (Qes, அந்த அடக்கத்தில் காந்தமும் காயிலும் தரும் பங்கு) வகுங்கள். எஃப்எஸ் 35, க்யூஇஎஸ் 0.30 என்றால் சுமார் 233 ஹெர்ட்ஸ். அதற்கு மேல் ஹார்ன் தரும் பலன் குறையத் தொடங்கும்.

தொண்டையையும் அளவுக்கு மீறிச் சுருக்காதீர்கள். கோன் பரப்பு தொண்டையைப் போல 2 முதல் 4 மடங்கு இருக்கலாம். அதைத் தாண்டினால் காற்றழுத்தத்தில் காகிதக் கோன் மடங்கும், கிழியும்.

கேள்வி: கோயில் விழாவில் கட்டும் குழாய் ஸ்பீக்கரின் யூனிட் சல்லிசாகக் கிடைக்கிறது. மேல் ஒலிக்கு அதைப் போடலாமா?

பதில்: வேண்டாம். அது பேச்சு தெருமுனை வரை எட்டுவதற்காகச் செய்தது. குழாய்க்குள் குழாயாக மடித்திருப்பதால் உயர் அதிர்வெண்கள் உள்ளேயே ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். 1 இன்ச் வாயுள்ள கம்ப்ரெஷன் டிரைவரையும் (டயாஃப்ரம் எனும் மெல்லிய தகடு குறுகிய வாய் வழியே ஒலியைத் தள்ளும் யூனிட்) 90 டிகிரி ஹார்னையும் வாங்குங்கள். ஹார்ன் கீழே எந்த அதிர்வெண் வரை கோணத்தைப் பிடித்து வைக்கும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு: பத்து லட்சத்தைக் கோணத்தாலும் இன்ச்சில் அகலத்தாலும் வகுங்கள். 12 இன்ச் அகலம், 90 டிகிரி என்றால் சுமார் 925 ஹெர்ட்ஸ். அதே ஹார்னின் உயரம் 5 இன்ச், கோணம் 40 என்றால் 5000 ஹெர்ட்ஸ். அதைவிடக் குறைந்த அதிர்வெண்ணில் ஒலி மேலும் கீழுமாக விரியும். ஒல்லியான ஹார்ன் பார்க்க அழகு, வசனத்துக்கு ஆகாது.

கேள்வி: டிஎஸ்பி (ஒலியை டிஜிட்டலாகப் பிரிக்கும் கருவி) வைத்து ஹார்னை 1600 ஹெர்ட்ஸில் வெட்டினேன். ஆம்ப் ஆன் செய்ததும் டயாஃப்ரம் போய்விட்டது. ஏன்?

பதில்: ஆம்ப் விழிக்கும்போது வரும் 'டொப்' நேராக டயாஃப்ரத்தில் இறங்கியிருக்கும், இல்லாவிட்டால் டிஎஸ்பியில் சேனல் மாறி பாஸ் அதற்குப் போயிருக்கும். டிஎஸ்பி இருந்தாலும் டிரைவருக்கு சீரிஸில் ஒரு கெபாசிட்டர் கட்டாயம். வெட்டும் இடத்துக்கு இரண்டு ஆக்டேவ் (இரண்டு முறை பாதியாக்கி) கீழே, 400 ஹெர்ட்ஸுக்கு, 8 ஓமில் 47 மைக்ரோஃபாரட் சரியாக வரும். 100 வோல்ட் ஃபிலிம் அல்லது பைபோலார் வகை. பவர் சப்ளையில் போடும் ப்ளஸ் மைனஸ் குறித்த எலக்ட்ரோலிடிக் கூடாது.

கேள்வி: ஹார்ன் காதைக் குத்துகிறது. படம் ஓடாதபோது 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் இருக்கிறது.

பதில்: இரண்டுக்கும் ஒரே மருந்து, எல்-பேட், அதாவது ஒலியைக் குறைக்கும் இரண்டு ரெசிஸ்டர். வூஃபர் 97, ஹார்ன் 107 டிபி என்றால் 10 டிபி குறைக்க வேண்டும். கெபாசிட்டருக்குப் பிறகு சீரிஸில் 5.6 ஓம், டிரைவருக்குக் குறுக்கே 3.9 ஓம், இரண்டும் 10 வாட் வயர்வுண்ட். டிஎஸ்பியில் மட்டும் குறைத்தால் ஆம்பின் இரைச்சல் அப்படியே நிற்கும். அதன் பிறகும் மேல் ஒலி மங்கினால், 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் டிரைவர் சரிவதை மைக்கில் அளந்து ஈக்யூவில் (ஈக்வலைசர்) தூக்குங்கள். காதை மட்டும் நம்பித் தூக்க வேண்டாம்.

கேள்வி: எந்தப் பலகை? ஓரிடத்தில் 'புர்ர்' என்று அதிர்கிறது.

பதில்: உள்ளே இடைவெளி இல்லாத 18 மில்லிமீட்டர் பிடபிள்யூஆர் (கொதிநீர் தாங்கும்) ப்ளைவுட். மலிவான கமர்ஷியல் ப்ளையில் நடு அடுக்கில் ஓட்டை இருக்கும். அந்த 'புர்ர்' பெரும்பாலும் அங்கிருந்துதான். கடையிலேயே பேனல் சாவில் அறுத்து வாங்குங்கள். கைரம்பத்தில் 2 மில்லிமீட்டர் பிசகினாலும் உள்தடுப்பின் ஓரத்தில் சந்து விழும்.

காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க, மெல்லிய ஒலியில் 30 ஹெர்ட்ஸ் ஓட்டி, எரியும் ஊதுபத்தியை இணைப்பு ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். புகை நேராக ஏறாமல் துடிக்கும் இடம்தான் கசிவு. டிரைவரைக் கழற்ற வைக்கும் மூடிதான் அடிக்கடி கசியும்; அதற்கு ஃபோம் டேப் ஒட்டி, மர ஸ்க்ரூவுக்குப் பதில் டி-நட்டும் (பலகையில் பதிக்கும் உலோக நட்) போல்ட்டும் போடுங்கள். இரண்டு மூன்று முறை கழற்றினால் ஸ்க்ரூ துளை தளர்ந்துவிடும்.

கேள்வி: டேப்டு ஹார்ன் சப் கட்டி முடித்தாயிற்று. அடி விழுவது கொஞ்சம் பின்தங்கிக் கேட்கிறது.

பதில்: ஒலி பெட்டிக்குள்ளேயே கிட்டத்தட்ட 3 மீட்டர் நடந்து வருகிறது. ரிசீவரில் சப் தூரத்தை நாடாவில் அளந்ததாக வைக்காமல் பாதை நீளத்தையும் கூட்டிப் போடுங்கள்: 3 மீட்டர் தள்ளி இருந்தால் சுமார் 6. பிறகு 80 ஹெர்ட்ஸை சென்டரிலும் சப்பிலும் சேர்த்து ஓட்டி, சோபாவில் மைக் வைத்து, தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். சத்தம் அதிகம் காட்டும் எண்ணே சரியானது.

ஒலியைக் கூட்டும் முன் ஆக்டேவுக்கு 24 டிபி சரிவுள்ள ஹைபாஸ் ஃபில்டரை (தாழ்ந்த ஒலியைத் தடுப்பது) 28 ஹெர்ட்ஸ் அருகே போட்டுவிடுங்கள். ட்யூனிங்குக்கு (இங்கே 30 ஹெர்ட்ஸ்) கீழே காற்று கோனைத் தாங்காது. ஒரே ஒரு வெடிக் காட்சியில் காயில் பின்தட்டில் மோதிவிடும்.